அரை மாத்திரை

மிஷ்கோல்ட்ஸில் எங்கள் சலவைக் கடையில்
பதினொரு இயந்திரங்கள் துணி துவைக்கும்,
பன்னிரண்டாவது சண்டை போடும்.
நாணயம் போட்டால் விண்கலம் ஒன்று
கீழிருந்து மேலே ஏறிச் சுடும்.
நவம்பரில் அதன் படக்குழாய் படுத்துவிட்டது.
முதலில் பச்சை போனது, பிறகு சிவப்பு.
நீலம் மட்டும் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது,
சோப்புத்தூள் விளம்பரம் போல.

தட்டைத் திரை வாங்கிப் போடு என்றார்
கடையின் மறுபாதி முதலாளி கெல்லேர்ட்.
நாலு கிலோ. சூடாகாது. மூன்று வருட உத்தரவாதம்.
பழைய படத்தின் கோடுகள் வேண்டுமென்றால்
கோடு போட்டுத்தர மென்பொருளும் உண்டாம்,
புது ஜீன்ஸுக்கு முழங்காலைக் கிழித்து விற்பது மாதிரி.

கடைக்காரன் ஓலெட் ஒன்றும் காட்டினான்.
கருப்பு என்றால் கருப்பு,
நிலவறையில் விளக்கணைந்த கருப்பு.
விண்வெளிக்கு வேறென்ன வேண்டுமென்று
அரைமனதாய்த் தலையாட்டிவிட்டேன்.
விலையைப் பார்த்ததும்
மற்ற அரைமனது விழித்துக்கொண்டது.

இரவலாக வந்தது தட்டைத் திரை.
விமானியின் முகத்தைப் பார்த்தேன்.
இத்தனை வருடம் கன்னம் என்று நினைத்தது
படிக்கட்டு.
வரைந்தவன் எவனோ,
நாலு புள்ளி ஆரஞ்சு, இரண்டு புள்ளி பழுப்பு வைத்து
மீதியைக் கண்ணாடியின் கசிவுக்கு விட்டிருக்கிறான்.
இந்தத் திரையோ எதையும் கசியவிடவில்லை.
ஒவ்வொரு புள்ளியும் அதனதன் வேலிக்குள்.

செவ்வாய் இரவு பொரோகா வந்தாள்,
மருத்துவமனைச் சீருடை மூட்டையோடு.
ஈரத்துணி சுழலும் நாற்பது நிமிடமும்
மூன்றாம் சுற்றில், அதே பாலத்தருகே,
அதே குண்டுக்குச் செத்தாள்.
"நான் அழுத்தினேன்" என்றாள்.
"அழுத்தினாய்" என்றேன்.
"அது கேட்கவில்லை."
கெல்லேர்ட் கையேட்டைப் புரட்டினார்:
திரை ஒவ்வொரு படத்தையும் வாங்கி,
அளந்து, நீட்டி, அழகுபடுத்தி
இரண்டு படம் பிந்தித் தருகிறது.
அரை மாத்திரைகூட இல்லை அந்த நேரம்.
ஒரு மெய்யெழுத்தை உச்சரிக்கப் போதாது.
சாகப் போதும்.

வியாழனன்று ஜோம்போர் ஒரு குழாயோடு வந்தான்.
ரயில்வே கழித்துக்கட்டிய பெட்டி,
இருபது அங்குலம், பன்றிக்குட்டியின் எடை.
"தொடாதே, செத்தும் கடிக்கும்" என்று
கம்பியால் ஒரு தொடு தொட்டான். டப்.
எங்கள் விளையாட்டுக்கு நெட்டுவாக்குத் திரை வேண்டும்,
அதனால் குழாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் திருகினோம்.
மின்சாரம் ஏறியதும் ஓர் அதிர்வு,
கைமுடிகள் எழுந்து நின்றன,
தூசி வறுபடும் வாசனையில் படம் வந்தது.
விமானிக்குக் கன்னமும் வந்தது.

கூடவே வேறொன்றும்.
விண்வெளியின் இடது ஓரத்தில்
நின்றவாக்கில் சில சாம்பல் எழுத்துகள்.
இருபது வருடம் ஒரே இடத்தில் எரிந்த சொற்கள்
கண்ணாடியில் தழும்பாகியிருந்தன.
ஊர்ப்பெயர்கள் மாறிமாறி வந்ததால்
ஒன்றின்மேல் ஒன்றேறி வெறும் அழுக்கு.
செரென்ச்சா, நிரெட்ஹாசாவா, தெரியவில்லை.

கெல்லேர்ட் முகம் சுளித்தார்.
கறை நீக்குவதாகப் பலகை மாட்டியிருக்கும் கடையில்
கறையோடு ஒரு திரையா என்றார்.
நியாயம்தான். பதில் இல்லை என்னிடம்.
நாணயம் ஒன்றைப் பொரோகாவிடம் நீட்டினேன்.

பாலம் கடந்தாள்.
உலர்த்தியருகே காலுறைக்குக் காத்திருந்த கிழவர்
கழுத்தைத் தோளில் சாய்த்து
எழுத்துக்கூட்டி வாசித்தார்:
நேரம். நடைமேடை.
கடைசியாக, அவள் கலம் பறந்துகொண்டிருந்த இடத்தில்,
"கேஷிக்." தாமதம்.
யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.
கெல்லேர்ட் இல்லை, அது உறுதி.

நாலாம் சுற்றில், அந்தச் சொல்லுக்கு நேர் கீழே
அவள் கலம் வெடித்தது.
திரையை ஒருமுறை பார்த்தாள்,
பிறகு தன் கட்டைவிரலை.
"இந்த முறை நான்தான்" என்று
அடுத்த நாணயத்துக்குக் கை நீட்டினாள்.